கற்றதும் கற்றதாகக் கருதியதும்

பரீட்சைக் காலம் நெருங்குந்தோறும் நம் கல்லூரி விடுதிகளில் ஒரு காட்சியைக் காணலாம். நள்ளிரவு கடந்தும் அறைதோறும் விளக்கெரியும். சிலர் நூலைக் கையிலேந்தித் தாழ்வாரத்தில் உலவுவர். சிலர் வரிதோறும் கோடிடுவர். சிலர் உரத்த குரலில் ஓதுவர். இவருள் உழையாதார் ஒருவரும் இலர். எனினும், முடிவு வெளியாகும் நாளில், ஒரேயளவு கண் விழித்த இருவருள் ஒருவர் மகிழ்வதும், மற்றவர் நாணித் தலைகுனிவதும் ஆண்டுதோறும் நிகழ்கின்றன. 'அவனுக்கு மூளை உண்டு. எனக்கு இல்லை' என்று கூறி அமைவதே பெரும்பாலார் வழக்கம். அங்ஙனம் அமைதல் தகுமா? உழைப்பு ஒன்றாயிருக்கப் பயன் வேறுபடுதற்குக் காரணம் யாது? இதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

யாம் இப்பொருளை எடுத்துக்கொண்டது பிறர்க்கு அறிவுரை கூறும் தகுதி எமக்குண்டு என்னும் எண்ணத்தால் அன்று. தோல்வியின் வாயிலாக இதனைக் கற்றோம். யாம் பட்ட துன்பம் எம் பின் வருவோர்க்கு நேராதிருத்தல் வேண்டும் என்பதே எம் கருத்து.

முதலாண்டில் எமக்கு நன்னூல் எழுத்ததிகாரம் பாடமாயிருந்தது. தேர்வுக்குமுன் அதனை உரையோடு ஐந்து முறை வாசித்தோம். ஐந்தாம் முறை வாசிக்கையில் ஒவ்வொரு நூற்பாவும் பழகிய நண்பரைப்போல் முகமலர்ந்து எதிர்ப்பட்டது. 'இனி அச்சமில்லை' என்று துயின்றோம். மறுநாள் வினாத்தாளைக் கண்டபோது நிகழ்ந்ததை இன்றும் மறந்திலோம். வினவப்பட்ட நூற்பா இடப்பக்கத்தின் அடியில் இருந்தது என்பதும், அதன்கீழ் யாம் சிவப்புக் கோடு இட்டிருந்தோம் என்பதும் நினைவுக்கு வந்தன, நூற்பா வரவில்லை. 100க்கு 31 எண் பெற்றோம்.

எம் அறைத்தோழன் பெற்றது 24. அவன் தூத்துக்குடிப் பக்கத்து உப்பளத் தொழிலாளி ஒருவரின் மகன். தன் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்தவருள் முதல்வன். அன்றிரவு அவன் தன் துணிகளையெல்லாம் தகரப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தான். "எனக்குப் படிப்பு ஏறாது. அம்மா கம்மலை அடகு வைத்துப் பணம் கட்டினாள். அது போதும். ஊருக்குப் போய் அப்பாவோடு அளத்தில் நிற்கிறேன்" என்றான். அவனைத் தேற்றுதற்கு எம்மிடம் சொல் இல்லை. எம் நெஞ்சமும் அதனையே எண்ணிக்கொண்டிருந்தது.

விடிந்ததும், ஒருமுறையேனும் ஆசிரியரைக் கண்டு செல்லலாம் என்று அவனை வற்புறுத்தி எம் தமிழாசிரியரிடம் அழைத்துச் சென்றோம். அவர் விடைத்தாள்களைப் பற்றி ஒன்றும் கூறாது, "எத்தனை முறை படித்தீர்கள், தம்பி?" என்று வினவினார். "ஐந்து முறை, ஐயா" என்றோம். "எத்தனை முறை நூலை மூடினீர்கள்?" என்றார். எமக்கு விடை தெரியவில்லை, வினாவே விளங்கவில்லை. இக்கட்டுரை அவ்வொரு வினாவின் விளக்கமே என்று கொள்க.

மறதியின் இயல்பு

கற்றலை அறியவேண்டின் மறத்தலை முதற்கண் அறிதல் வேண்டும். ஹெர்மன் எபிங்ஹாஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் மறதியை அளந்து காண முயன்று, தம் முடிவுகளை 1885இல் நூலாக வெளியிட்டார். அவர் பிறரை ஆராயவில்லை. தம்மையே ஆராய்ச்சிப் பொருளாக்கிக்கொண்டார். பொருளற்ற அசைகளைக் கோவைகளாகத் தொகுத்து மனனஞ் செய்து, குறித்த காலம் கழிந்தபின் அவற்றை மீண்டும் மனனஞ் செய்தார். இரண்டாம் முறை எத்துணை உழைப்பு மிச்சமாகிறது என்பதைக் கொண்டு, நெஞ்சில் எஞ்சியிருப்பதைக் கணக்கிட்டார். இருபது நிமிடம் கழிந்தபின் மிச்சம் நூற்றுக்கு 58. ஒரு மணி கழிந்தபின் 44. ஒரு நாள் கழிந்தபின் 34. ஆறு நாள் கழிந்தபின் 25. முப்பத்தொரு நாள் கழிந்தபின் 21. 2015இல் ஆம்ஸ்டர்டாம் ஆராய்ச்சியாளர் இருவர் இச்சோதனையை மீண்டும் செய்து, ஏறத்தாழ இதனையொத்த முடிவையே கண்டனர்.

இக்கணக்கிலிருந்து இரண்டு உண்மைகள் புலனாகின்றன. மறதி தொடக்கத்தில் விரைந்து பாய்ந்து, பின்னர் மெல்ல நடக்கின்றது என்பது ஒன்று. அது மூடர்க்கு மட்டும் உரியதன்று என்பது மற்றொன்று. அளந்தவரே பேரறிஞர், மறந்தவரும் அவரே. ஆதலின், நேற்றுப் படித்தது இன்று நினைவில் இல்லையே என்று வருந்துவார் தம் அறிவைப் பழித்தல் வேண்டா.

அவ்வறிஞர் வேறு இரண்டையும் கண்டார். பொருளற்ற அசைகளுக்கு ஆன உழைப்பில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே பொருளுடைய செய்யுளை மனனஞ் செய்யப் போதுமானதாயிற்று. எனவே பொருளறியாது உருப்போடுவார் தம் சுமையைப் பத்து மடங்காக்கிக்கொள்கின்றனர் எனலாம். மேலும், ஒரே நாளில் 68 முறை ஓதிப் பெற்ற பயனை, மூன்று நாட்களில் பகுத்து 38 முறை ஓதியே அவர் பெற்றார். இரவெல்லாம் விழித்து ஒரே மூச்சிற் படிப்பார்க்கு இவ்வெண்கள் நல்ல பாடமாகும்.

இச்செய்தியை எம் தோழனுக்குக் கூறியபோது அவன் சிரித்தான். "இதைத்தானே அப்பா சொல்வார். கடல்நீரை ஒரே நாளில் பாய்ச்சினால் உப்பு விளையாது. பாய்ச்சி, வெயிலில் வற்றவிட்டு, அடுத்த பாத்திக்கு மாற்றி, மறுபடியும் வற்றவிட வேண்டும்" என்றான். பிறநாட்டு அறிஞர் நூலில் யாம் தேடிக் கண்டதை அவன் தன் வீட்டுத் தொழிலிலேயே கண்டான்.

அறிமுகமும் அறிவும்

இனி, மூடிய நூலுக்கு வருவாம். அமெரிக்க நாட்டுச் செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ரோடிகர், கார்ப்பிக்கி என்னும் இருவர் 2006இல் ஒரு சோதனையை வெளியிட்டனர். மாணவர்க்குச் சில உரைநடைப் பகுதிகள் கொடுக்கப்பட்டன. சில பகுதிகளை அவர்கள் இருமுறை வாசித்தனர். வேறு சிலவற்றை ஒருமுறை வாசித்து, பின்னர் மூடிவைத்து, நினைவில் நின்றதை எழுதினர். ஐந்து நிமிடத்திற்குப்பின் சோதித்தபோது, இருமுறை வாசித்ததே வென்றது: அதில் நினைவு நூற்றுக்கு 81; எழுதிப் பார்த்ததில் 75. ஆனால் ஒரு வாரம் கழிந்தபின் நிலை தலைகீழாயிற்று. இருமுறை வாசித்ததில் 42ஏ எஞ்சியது. எழுதிப் பார்த்ததில் 56 எஞ்சியது.

அவர்கள் செய்த மற்றொரு சோதனை இன்னும் வியப்புடையது. ஒரு குழுவினர் நான்கு முறையும் வாசித்தே கழித்தனர். மற்றொரு குழுவினர் ஒருமுறை வாசித்து, மும்முறை நூலின்றி நினைவுகூர்ந்தனர். ஒரு வாரத்திற்குப்பின் முன்னவர்க்கு நூற்றுக்கு 40உம், பின்னவர்க்கு 61உம் நினைவில் நின்றன. இதில் வியப்பு யாதெனில், 'ஒரு வாரத்திற்குப்பின் எவ்வளவு நினைவிலிருக்கும்?' என்று முன்னரே கேட்டபோது, மிகுந்த நம்பிக்கை தெரிவித்தவர் நான்கு முறையும் வாசித்தவரே.

எம் ஐந்து முறை வாசிப்பின் மருமம் இதனால் வெளியாயிற்று. நாள்தோறும் கடைத்தெருவில் எதிர்ப்படும் ஒருவரை நாம் கண்டவுடன் 'இவரை அறிவேன்' என்கிறோம். அவர் பெயர் யாது, ஊர் யாது என வினவினால் விழிக்கிறோம். அஃது அறிமுகம், அறிவன்று. நூலைத் திரும்பத் திரும்ப வாசிப்பார்க்கு அறிமுகம் பெருகுகிறது. அவ்வறிமுகத்தையே அறிவென மயங்குகின்றனர். பரீட்சையோ முகத்தைக் காட்டிப் பெயரைக் கேட்பதன்று. முகமும் காட்டாது பெயரும் ஊரும் வினவுவது. ஆதலின் மூடிய நூலின் முன்னிருந்து பழகாதார்க்கு அன்று திகைப்பே எஞ்சும்.

நன்னூலார் கண்ட நெறி

இவையெல்லாம் மேல்நாட்டார் புதிதாகக் கண்டவை என்று எண்ணி வியக்குமுன், எந்நூலில் யாம் தோல்வியுற்றோமோ அந்நூலின் பாயிரத்தையே திறந்து பார்ப்பாம். ஏறத்தாழப் பதின்மூன்றாம் நூற்றாண்டில், சீயகங்கன் வேண்டுகோளுக்கிணங்கப் பவணந்தி முனிவர் நன்னூலை இயற்றினார். அதன் பொதுப்பாயிரத்தில் பாடங் கேட்கும் முறையை வகுத்துரைக்கின்றார். உலக வழக்கை அறிதல், பாடத்தை மறவாது போற்றுதல், கேட்டதை மீண்டும் சிந்தித்தல், ஐயந்தீர ஆசிரியரை அடுத்துக் கேட்டல், உடன்பயில்வாரோடு பழகுதல், வினாவுதல், வினவியதற்கு விடை கூறுதல் என்னும் ஏழினையும் அவர் மாணாக்கன் கடமையாக வைத்தார். இவ்வேழினுள் 'மீண்டும் மீண்டும் வாசித்தல்' என்பது ஒன்றேனும் இல்லாமை கருதத்தக்கது. கேட்டதை நினைத்தலும், வினாவலும், விடுத்தலும் யாவும் நூலை மூடிய நிலையில் நிகழ்வன.

அவர் காட்டும் கணக்கு இன்னும் நுட்பமானது. ஆசிரியர் உரைத்ததை நன்கு உட்கொண்டாலும் புலமையில் காற்பங்கே கைகூடும். உடன் மாணாக்கரோடு பயில்வதால் இன்னொரு காற்பங்கு வரும். எஞ்சிய அரைப்பங்கோ பிறர்க்கு விளங்க உரைக்கும்போதே நிரம்பும் என்கின்றார். விரிவுரை மண்டபத்தில் செவிகொடுத்திருந்ததோடு கடமை முடிந்ததென எண்ணும் நாம், நான்கில் மூன்று பங்கைக் கைவிட்டவராகின்றோம்!

மாணாக்கர் வகைகளுக்கு அவர் கூறிய உவமைகளும் யாவரும் அறிந்தவையே. அன்னமும் பசுவும் தலைமாணாக்கர்க்கும், மண்ணும் கிளியும் இடைமாணாக்கர்க்கும், ஓட்டைக்குடமும் ஆடும் எருமையும் நெய்யரியும் கடைமாணாக்கர்க்கும் உவமையாயின. இவற்றுள் கிளிக்கும் பசுவுக்கும் உள்ள வேற்றுமையே நம் பொருளுக்கு ஏற்றது. கிளி சொல்லிக்கொடுத்ததையே சொல்லும். பசுவோ கிடைத்தபோது நிரம்ப மேய்ந்து, பின்னர் ஓரிடத்திலிருந்து வாய்க்கு மீட்டு அசைபோடும். மேய்தல் வாசித்தலாயின், அசைபோடுதலே நினைவுகூர்தல். புல்வெளியை விட்டு நீங்கிய பின்னரே பசு அசைபோடுகின்றது என்பதை நோக்குக.

பிறர்க்கு உரைத்தலால் புலமை நிரம்பும் என்னும் கருத்துக்கு நம் நாட்டிலேயே சான்றுண்டு. பழைய திண்ணைப் பள்ளிக்கூடங்களில் முதிர்ந்த மாணவனாகிய சட்டாம்பிள்ளை இளையோர்க்குப் பாடஞ் சொல்வது வழக்கம். சென்னை எழும்பூரில் படைவீரர்தம் ஆதரவற்ற சிறுவர்க்கான இல்லத்தை 1789 முதல் நடத்திவந்த பாதிரியார் ஆண்ட்ரூ பெல், மூத்த சிறுவரைக்கொண்டே இளையோர்க்குக் கற்பிக்கச் செய்தார். மணலில் எழுதிப் பழகும் முறையை அவர் நம் நாட்டுப் பள்ளிப்பிள்ளைகளிடம் கண்டு கைக்கொண்டார். 1797இல் அவர் லண்டனில் வெளியிட்ட அறிக்கையால் இஃது இங்கிலாந்தில் 'சென்னை முறை' என்னும் பெயரால் பரவிற்று.

எம்மைப் போன்றார் சிறுவயதில் ஞாயிறு பள்ளியில் கற்ற மனப்பாட வசனங்கள் இன்றும் நாவில் நிற்பதற்கும் காரணம் இதுவே. புதிய வசனத்தைச் சொல்லித்தருமுன், சென்ற வாரத்து வசனத்தையும் அதற்கு முந்திய வாரத்து வசனத்தையும் நூலின்றிச் சொல்லச் செய்வார் ஆசிரியை. அன்று அதனை விளையாட்டென எண்ணினோம். நினைவுக்கலை முழுதும் அதனுள் அடங்கியிருந்தது.

கைக்கொள்ளத்தக்க முறை

இவற்றைக்கொண்டு யாமும் எம் தோழனும் வகுத்துக்கொண்ட முறையைச் சுருங்கக் கூறுவாம்.

முதலாவது, ஒரு பகுதியைப் பொருளுணர்ந்து ஒருமுறை வாசித்தவுடன் நூலை மூடி, வெறுந்தாளில் நினைவில் நின்றதை எழுதுதல். எழுதி முடித்தபின்னரே நூலைத் திறந்து, விடுபட்டவற்றை வேறு மையால் நிரப்புதல். அடுத்த முறை அவ்விடங்களையே முதலில் நோக்குதல்.

இரண்டாவது, அதனை மறுநாளும், சில நாள் கழித்தும், ஒரு வாரம் கழித்தும் மீண்டும் நூலின்றி நினைத்துப் பார்த்தல். ஒவ்வொரு முறைக்கும் கால் மணி போதும். முற்றும் மறக்குமுன் மீட்டல் வேண்டும். ஆயின் சிறிது மறந்தபின் மீட்டலே பயன் மிக்கது. வருந்தி மீட்ட பொருள் எளிதில் நீங்காது.

மூன்றாவது, குறிப்பெடுக்குங்கால் ஆசிரியர் கூறியதை அப்படியே எழுதாது, ஓரத்தில் அதனை வினாவாக அமைத்தல். குறிப்பேட்டை மீண்டும் திறக்கும்போது விடையை மறைத்து வினாவை மட்டும் காணலாம்.

நான்காவது, வாரத்திற்கொரு நாள் ஒருவர்க்கொருவர் ஆசிரியராதல். யாம் ஒரு புணர்ச்சி விதியை விளக்கத் தொடங்கி இடையில் தடுமாறுந்தோறும் தோழன் "ஏன்?" என்பான். அவ்வொரு சொல் வினா எமக்குப் பத்து உரைநூல்களின் பயனைத் தந்தது.

ஐந்தாவது, உறக்கத்தைத் திருடாதிருத்தல். 1924இல் அமெரிக்காவிலுள்ள கார்னெல் பல்கலைக்கழகத்தில் மாணவர் இருவரைக்கொண்டு செய்த சோதனையில், படித்தபின் உறங்கியபோது நினைவில் நின்றவை, படித்தபின் விழித்திருந்தபோது நின்றவற்றினும் மிகுதியாயிருந்தன. படிக்கும் வேளையில் கைப்பேசியை வேறோர் அறையில் வைத்தல் நன்று என்பதைச் சொல்லவேண்டுவதில்லை.

ஊக்கம் எங்கிருந்து வரும்?

'முறையெல்லாம் நன்று, ஆனால் படிக்க ஊக்கம் வரவில்லையே' என்பார் உளர். ஊக்கம் வந்தபின் தொடங்குவோம் என்று காத்திருப்பது, நீந்தக் கற்றபின் ஆற்றில் இறங்குவோம் என்பதனை ஒக்கும். திருவள்ளுவர் ஊக்கமுடைமையை அடுத்து மடியின்மையையும், அதனையடுத்து ஆள்வினையுடைமையையும் வைத்தார். ஊக்கம் தனித்து நிற்பதன்று, சோம்பலை நீக்கிச் செயலிற் புகுதலோடு பிணைந்தது என்பதே அவ்வைப்பிலிருந்து யாம் கொள்ளும் கருத்து. வாசித்தவாறேயிருப்பார்க்குத் தம் வளர்ச்சி கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆதலின் சலிப்பு மிகுகின்றது. நூலை மூடி எழுதுவார்க்கோ, நேற்று மூன்று செய்திகளே எழுந்தன, இன்று ஏழு எழுந்தன என்பது தாளிலே தெரிகின்றது. கண்கூடாகக் கண்ட வளர்ச்சியைப்போல் ஊக்கந் தருவது பிறிதில்லை.

தம் அறியாமையைக் காணுதற்கு அஞ்சாமையும் வேண்டும். இதற்கு டாக்டர் உ. வே. சாமிநாதையர் வாழ்க்கையினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டா. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் பயின்று, கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராய் அமர்ந்த 1880ஆம் ஆண்டில் அவருக்கு வயது இருபத்தைந்து. அவ்வாண்டு அக்டோபர் திங்களில், அவ்வூரில் முன்சீபாயிருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் கண்டார். என்னென்ன நூல்கள் படித்துள்ளீர் என்று வினவப்பட்டபோது, அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள், புராணங்கள் என ஒரு நீண்ட பட்டியலையே ஒப்பித்தார். முதலியார் அதில் வியப்புக் காட்டவில்லை. சீவகசிந்தாமணியும் சிலப்பதிகாரமும் மணிமேகலையும் படித்ததுண்டா என்று வினவினார். ஐயர் அவற்றைக் கண்டதும் இல்லை.

அவ்விடத்தில் நாம் இருந்திருப்பின் யாது செய்திருப்போம்? நாணி ஒதுங்கியிருப்போம், அல்லது கேட்டவரைச் சினந்திருப்போம். ஐயர் சிந்தாமணிப் பிரதியைப் பெற்றார். முதலியாரோடு உடனிருந்து படிக்கத் தொடங்கினார். விளங்காத இடங்களைக் கும்பகோணத்துச் சைன அன்பர்களை அடுத்துக் கேட்டுத் தெளிந்தார். ஆசிரியர் பணியிலிருந்தவர் மீண்டும் மாணாக்கரானார். 1887இல் சிந்தாமணி அச்சேறியது. பத்துப்பாட்டு 1889இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும், மணிமேகலை 1898இலும் அவர் பதிப்பாய் வெளிவந்தன. இத்துணையும் 'நான் இதனை அறியேன்' என்று அறிந்த ஒரு நாளிலிருந்து விளைந்தவை.

முடிவுரை

எம் தோழன் அன்று ஊர் செல்லவில்லை. தகரப் பெட்டியை அவிழ்க்க மட்டும் மூன்று நாள் ஆயிற்று. முதல் வாரம் அவன் வெறுந்தாளில் எழுதியவை இரண்டு வரிகளே. அதனைக் கண்டு அவன் மீண்டும் கலங்கினான். "நினைத்து நினைத்துப் பார்த்தும் வரவில்லையென்றால், அந்த முயற்சி வீண் என்று எண்ணாதே, தம்பி. இறைக்காத கிணறு ஊறாது" என்று ஆசிரியர் கூறியதே அவனை நிறுத்தியது. ஆண்டிறுதித் தேர்வில் அவன் முதல் வகுப்பில் தேறினான் என்று எழுத எமக்கு ஆசையே. ஆனால் உண்மை அதுவன்று. 52 எண் பெற்றுத் தேறினான். முடிவு வந்த நாளன்று அவன் செய்த முதற் செயல், தாயின் கம்மல் எப்போது மீளும் என்று கணக்குப் பார்த்தது. இப்போது மாலைதோறும் விடுதித் தாழ்வாரத்தில் முதலாண்டு மாணவர் நால்வர்க்கு எழுத்ததிகாரம் சொல்லிக்கொடுக்கின்றான். நன்னூலார் கூறிய எஞ்சிய அரைப்பங்கை அவன் ஈட்டுவதைக் காண்கின்றோம்.

ஆதலின், மாணவ நண்பர்காள்! இவ்வாண்டும் பரீட்சை வரும்; அறைதோறும் விளக்கெரியும். எத்தனை முறை படித்தோம் என்று எண்ணுவதை விடுத்து, எத்தனை முறை நூலை மூடினோம் என்று எண்ணிப் பார்ப்போமாக. மூடியவுடன் நெஞ்சம் வெறுமையாய்த் தோன்றின் அஞ்சவேண்டா. அவ்வெறுமையை நாம் இன்று எம் அறையில் காண்பது, நாளைத் தேர்வு மண்டபத்தில் காண்பதினும் மிக நன்று. கற்றல் தொடங்குமிடம் அதுவே.